இளவறுவல் கருகாது

பெர்கன்
2024 செப்டம்பர் 15

அன்புள்ள தோர்டிஸ் அக்கா,

பொட்டலத்தைப் பிரித்ததும் காப்பியை எடுத்துக்கொண்டு கடிதத்தைக் குப்பையில் போடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதத்தை இரண்டு காப்பிப் பைகளுக்கும் நடுவில் மடித்துச் செருகியிருக்கிறேன். இதைத் தொடாமல் அவற்றை எடுக்க முடியாது. சின்ன வயதில் உன்னிடம் கற்ற தந்திரம்தான்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று தேவாலய வாசலில் நீ சொன்னது நினைவிருக்கிறது. "இனிமே போன் பண்ணாதடா. உன் குரலக் கேட்டா எதையாவது எடுத்து உடைக்கணும்போல இருக்கு." பத்து மாதம் ஆகிறது. நான் போன் செய்யவில்லை. எழுதாதே என்று நீ சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சிவப்பு நூல் கட்டியது ஒரு காப்பி, நீல நூல் கட்டியது இன்னொன்று. இரண்டும் நம் வழக்கமான இளவறுவல், லேசாக வறுத்தது. கொட்டை முதல் தடவை வெடித்து ஒரு நிமிடத்துக்குள் இறக்கிவிட்டேன். தபால் உன் தீவுக்கு வந்து சேரும் நாட்களில் கொட்டை நன்றாக ஆறிவிடும். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு நீ அங்கே, நான் இங்கே. பதினொரு வருடம் ஒரு மாதம்கூட விடாமல் செய்ததுதானே. கிண்ணத்தில் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, மேலே கட்டியிருக்கும் துகளைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, பிறகு உறிஞ்சி, தோன்றியதை எழுது. நானும் எழுதுகிறேன். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த முறை ஒரே ஒரு மாற்றம். உன் குறிப்பை எனக்கு முதலில் அனுப்பிவிடு. இரண்டில் எதை எங்கள் வறுவல் நிலையத்தின் குளிர்கால விற்பனைக்கு வாங்குவது என்று அக்டோபர் 25ஆம் தேதிக்குள் விபேக்கேவிடம் நான் சொல்லியாக வேண்டும். முதலாளி அம்மாள் முன்பு போல் பொறுமையாக இல்லை.

நான் இப்போது மூன்றாவது மாடியில் ஒரு புதுக் குடியிருப்பில் இருக்கிறேன். வெள்ளைச் சுவர். ஜன்னலைத் திறந்தால் மழை. எதற்கும் வாசனையே இல்லாத வீடு.

தம்பி,
ஹல்வர்


பால்ஸ்டாட், லோஃபோதென்
செப்டம்பர் 24

ஹல்வர்,

குப்பையில் போடவில்லை. படித்தேன். காப்பியை அலமாரியில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் துணி துவைத்தேன்.

கருவாட்டுக் கிட்டங்கியில் இது தரம் பிரிக்கும் காலம். காலை ஏழு மணிக்கு நின்றால் ஒரு நாளைக்கு நாலாயிரம் காட் மீன் கருவாடு என் கையைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொன்றையும் கழுத்தடியில் முகர்ந்து, தட்டிப் பார்த்து, இது இத்தாலிக்கு, இது நைஜீரியாவுக்கு என்று வீசுகிறேன். யாரும் என்னிடம் பேசுவதில்லை, அது எனக்கு வசதி. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறேன், படுக்கிறேன். அழுகை வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றுவதில்லை.

பத்து மாதம் கழித்து எழுதுகிறாய். அதில் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் தேதி சொல்வதற்காக. மிச்சமெல்லாம் சிவப்பு நூல், நீல நூல்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அப்பாவைக் கொண்டுபோன அந்தத் தீயைப் பற்றித் தீயணைப்புத் துறை எழுதிய அறிக்கையை வரவழைத்துப் படித்தேன். சமையலறைச் சுவருக்குள் ஒயர் நண்பகலிலிருந்தே புகைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். நீ காப்பி வறுப்பதற்காகக் கூரையிலிருந்து புகைமணியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டிருந்தாய் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது புதிதல்ல. நீ வறுக்கிற ஒவ்வொரு தடவையும் அது கத்தும், நீ கழற்றுவாய், "ஹல்வர் இருக்கிற வீட்டுக்கு மணி எதுக்கு, அவன் மூக்கே மணிதானே" என்று அப்பா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் நீ மூன்று மணிவரை அந்த வீட்டில் இருந்தாய். மாடியில் யாரோ ஆரஞ்சு உரித்தால் வாசலில் நின்று சொல்கிறவன் நீ. மூன்று மணிநேரம் சுவர் புகைந்தது, உனக்குத் தெரியவில்லையா?

வாசனை இருந்ததா, இல்லையா? ஒரு வரி எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். ஏன் என்று கேட்காதே.

தோர்டிஸ்


பெர்கன்
அக்டோபர் 1

அன்புள்ள அக்கா,

போலீசிடம் சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்கிறேன். வாசனை இல்லை. மரச்சுவர், அதன் பின்னால் பஞ்சுத் தடுப்பு, அதற்கும் பின்னால் ஒயர். உள்ளே புகைவது வெளியே வர நேரமாகும் என்று அந்த அதிகாரியே சொன்னார். மூன்று மணிக்கு அப்பா மாடியில் படுக்கப் போனார். நான் திங்கட்கிழமைக்கான மாதிரிகளை எடுத்துவைக்க வறுவல் நிலையத்துக்குப் போனேன். நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். அவ்வளவுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன் என்கிறாய். உண்மை. எழுத உட்கார்ந்தால் வரி வரவில்லை. நானும் அழவில்லை. காலையில் எழுகிறேன், கொட்டையை அரைக்கிறேன், ஊற்றுகிறேன், குடிக்கிறேன். வென்னீர் குடிப்பதைப் போலத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறேன். பேருந்தில் இரண்டு தடவை என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்கா, துணியை இன்னொரு நாள் துவைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பைகளையும் திறந்து பார். கொட்டை இப்போது நல்ல பருவத்தில் இருக்கும். உன் குறிப்பு எனக்கு வேண்டும். நீண்டதாக வேண்டாம், சிவப்பு என்ன, நீலம் என்ன என்று இரண்டு இரண்டு வரி போதும். உன் மூக்கை நம்புவது மாதிரி நான் யாரையும் நம்புவதில்லை.

ஹல்வர்


பால்ஸ்டாட்
அக்டோபர் 8

ஹல்வர்,

சரி. வாசனை இல்லை என்றால் இல்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். உன் சிவப்பையும் நீலத்தையும் போன ஞாயிறு ருசித்துப் பார்த்துவிட்டேன். குறிப்பு எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அது உனக்கு வேண்டுமென்றால் முதலில் என் பரீட்சையை எழுது.

இத்துடன் மூன்று பைகள். 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறேன். முக்கோணப் பரீட்சை, நீ எனக்கு எத்தனையோ தடவை வைத்ததுதான். இரண்டு ஒரே காப்பி, ஒன்று வேறு. எது வேறு என்று கண்டுபிடி. மூன்றுக்கும் குறிப்பு எழுது. வேறு ஊரிலிருந்து வரவழைத்த இளவறுவல். பெயர் சொல்லமாட்டேன், பையிலும் ஒன்றும் அச்சடித்திருக்காது.

கடையில் தபால் வாங்கும் யோருன், "தம்பிக்கா அனுப்புற? சண்டை தீந்துதா?" என்றாள். "காப்பிதான் அனுப்புறேன்" என்றேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டினாள்.

தோர்டிஸ்


பெர்கன்
அக்டோபர் 14

அன்பு அக்கா,

பொட்டலம் இன்றைக்குத்தான் வந்தது. ஞாயிறுவரை காத்திருக்கவில்லை, சாயங்காலமே மூன்று கிண்ணம் வைத்துவிட்டேன். தண்ணீர் தொண்ணூற்று நாலு டிகிரி. அதே தராசு, அதே கரண்டி. எத்தனை மாதமாயிற்று உன் கையெழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்து!

முதலாவது: துகளை விலக்கியதும் மல்லிகை, பிறகு எலுமிச்சைத் தோல். வாயில் தேநீர் போல லேசாக இருக்கிறது. ஆறும்போது தேன் வருகிறது. கழுவிப் பதப்படுத்திய எத்தியோப்பியாக் காப்பி என்று சொல்வேன்.

இரண்டாவது: அதேதான். மல்லிகை இன்னும் கொஞ்சம் தூக்கல். ஒருவேளை அரைத்ததில் ஏற்பட்ட வித்தியாசமாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் வேறு. சந்தேகமே இல்லை. சிவப்பு பெர்ரி, அடுப்பில் சுட்ட ஆப்பிள், முடிவில் பட்டை. புளிப்பு அதே அளவுதான், ஆனால் வாசனை வேறு தோட்டம். கென்யாவா? மிகச் சுத்தமான காப்பி. யாரோ அருமையாக வறுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேள். கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கதவைத் தட்டுகிறார்கள். கீழ்வீட்டு அம்மாள். "என்ன சமைக்கிறீங்க, படிக்கட்டு பூரா வருதே?" என்றாள். காப்பி என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நம் காப்பியின் மணம் இரண்டு மாடி இறங்கியிருக்கிறது பார்.

இனி உன் உறையை அனுப்பு. 25ஆம் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

ஹல்வர்


பால்ஸ்டாட்
அக்டோபர் 20

ஹல்வர்,

மூன்றும் ஒரே காப்பி. ஒரே பையிலிருந்து அள்ளி மூன்றாகப் பிரித்தேன். ஸ்வோல்வார் ஊர்க் கடையில் வாங்கிய சாதாரண பிரேசில் காப்பி.

அது மட்டுமில்லை. பிரிப்பதற்கு முன்னால் பையைத் திறந்து கிட்டங்கியில் கருவாட்டு அடுக்குகளுக்கு நடுவில் வைத்தேன். அதுவும் தள்ளிவிட்ட மட்டக் கருவாடு, ஈரம் பட்டு வீச்சமெடுத்தது. ஐந்து நாள் அங்கேயே கிடந்தது. காப்பிக்கொட்டை எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்ததற்கு ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்தாயே. எடுத்து முகர்ந்தபோது எனக்கே குமட்டியது, இருபது வருடமாகக் கருவாட்டோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு. யோருன் இரண்டாவது பை ஏன் போட்டாள் என்று நினைக்கிறாய்? நான் கதவைத் தாண்டியதும் "காப்பியாம்ல, காப்பி!" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

உன் கீழ்வீட்டு அம்மாள் மூக்கு நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். மல்லிகை! சுட்ட ஆப்பிள்! மிகச் சுத்தமான காப்பி! ஒரு வருடத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். திரும்பவும் எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன்.

அப்படியானால் எனக்கு முதலில் கடிதம் எழுதியது ஏன் என்றும் புரிந்தது. அக்காவைத் தேடவில்லை, அக்காவின் மூக்கைத் தேடியிருக்கிறாய்.

எப்போதிலிருந்து உனக்கு வாசனை தெரியவில்லை, ஹல்வர்? வீடு எரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலா, பின்னாலா? இந்தத் தடவை அழகாக எழுதாதே.

தோர்டிஸ்


பெர்கன்
அக்டோபர் 28

அக்கா,

முன்னால்.

போன வருடம் பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? ஒரு வாரம் படுத்திருந்தேன். எழுந்து பையைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் வரும் என்றார் மருத்துவர். பிறகு இரண்டு மாதம் என்றார். பிறகு அவர் தேதி சொல்வதை நிறுத்திவிட்டார். நாக்கு மட்டும் வேலை செய்கிறது. புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும், கசப்பு தெரியும். இளவறுவலில் புளிப்புதானே முன்னால் நிற்கும், அதை வைத்துக்கொண்டு பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். மிச்சத்துக்கு மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பேன். எந்த ஊர்த் தோட்டம், எப்படிப் பதப்படுத்தியது என்று சாக்கில் எழுதியிருக்கும். அதைப் படித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். பதினெட்டு வருட அனுபவம்.

அந்த வருடம் நீ மாதாமாதம் அனுப்பிய குறிப்புகளை விபேக்கேவிடம் என் குறிப்பாகக் கொடுத்தேன். அப்பா இறந்த பிறகு உன் குறிப்பு நின்றது. நான் தடுமாறத் தொடங்கினேன். அதனால்தான் எழுதினேன். நீ சொன்னது சரி. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆயிற்று, அதுவும் சரி. இரண்டையும் நம்பு என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவர் ஊரெல்லாம் என் மூக்கைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சரியாகிவிடும், அப்புறம் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

இப்போது அந்த ஞாயிறு.

காலையில் இரண்டு மாதிரி வறுத்தேன். மணியைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். பன்னிரண்டரை இருக்கும், உருளைக்கிழங்கு அடுப்பில் இருந்தது. அப்பா சமையலறைக்கு வந்து நடுவில் நின்றார்.

"ஏதோ கருகுற வாசன அடிக்குதேடா."

நான் முகத்தைத் தூக்கி மூக்கை உறிஞ்சினேன். வறுவல் நிலையத்தில் எல்லார் முன்னாலும் செய்கிற அதே நடிப்பு. இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை.

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

நீ ஒரு வரி கேட்டாய். அந்த வரி இதுதான்: வாசனை இருந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது, நான் இல்லை என்று சொன்னேன்.

25ஆம் தேதி விபேக்கேவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் திட்டவில்லை. "எவ்வளவு நாளா?" என்றாள். சொன்னேன். "நீ போன வாரம் எழுதின குறிப்பு?" என்றாள். அதுவும் சாக்கைப் படித்து எழுதியதுதான் என்றேன். நான் என் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. பேருந்தில் சரியான நிறுத்தத்தில் இறங்கினேன்.

ஹல்வர்


பால்ஸ்டாட்
நவம்பர் 5

ஹல்வர்,

உன் கடிதத்தைக் கிட்டங்கியில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு ஆயிரத்து எண்ணூறு மீன் பிரித்தேன். சாயங்காலம் மேற்பார்வையாளர் வந்து, அதில் பாதியைத் தவறான அடுக்கில் வீசியிருக்கிறேன் என்றார். எனக்கு நினைவே இல்லை.

உன்மேல் கோபப்பட வேண்டிய இடம் இது. ஒரு வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். நீ இப்படி எழுதிவிட்டால் எல்லாப் பழியையும் உன் தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். நீ எழுதிவிட்டாய். இறக்கிவைக்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. போலீசிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார்.

"தோர்டிஸ், வீட்ல ஏதோ கருகுற மாதிரி இருக்கும்மா. ஹல்வர் ஒண்ணும் இல்லேங்கிறான்."

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கியிருந்தேன். "அவன் இல்லேன்னா இல்லதான்ப்பா. அவன் மூக்க விட உங்க மூக்கு பெருசா?" என்றேன். அவர் சிரித்தார். "இல்லம்மா, என்னவோ மாதிரி இருக்கு" என்றார். "காலைல காப்பி வறுத்திருப்பான், அதான். சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றேன். கை முழுக்க மாவு. சீக்கிரம் வைத்தால் தேவலை என்று இருந்தது.

ஹல்வர், நீ வறுப்பது இளவறுவல். அதில் கருகல் வராது. ரொட்டி வேகிற மாதிரி வரும், காய்ந்த புல் மாதிரி வரும், வறுத்த கடலை மாதிரிகூட வரும். ஊரில் வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னார்கள் என்று விட்டுவிடலாம். பதினொரு வருடமாக உன் கொட்டையை முகர்ந்தவள் நான். கருகுகிறது என்று அப்பா சொன்ன அந்த வினாடியே, அது காப்பி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றுகூட நினைக்கிறேன். ஒரு நொடி கை நின்றது. பிறகு, ஹல்வர் இல்லை என்கிறானே என்று திரும்பவும் பிசைந்தேன்.

வாசனை இருந்ததா என்று உன்னை ஏன் நச்சரித்தேன் என்று இப்போது புரிகிறதா? உண்மையிலேயே இல்லையென்றால் அப்பாவுக்கு ஏதோ பிரமை, நான் சொன்னதில் தப்பில்லை. நீ குடித்துவிட்டுத் தூங்கியிருந்தால் தப்பு உன்னுடையது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றாக இருந்துவிட வேண்டும் என்று பார்த்தேன். வேலை செய்யாத மூக்கை வைத்து நீ நடித்தாய், வந்த வாசனையை நான் வேண்டாம் என்றேன். அவருக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் படுக்க அனுப்பினோம்.

இதை உனக்கு எழுதியதும் மனம் லேசாகும் என்று பார்த்தேன். ஆகவில்லை.

தோர்டிஸ்


பெர்கன்
நவம்பர் 20

அக்கா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேற்று ஓராண்டு. கல்லறைக்குப் போய் விளக்கு வைத்தேன். மழையில் அணைந்தது, திரும்பவும் ஏற்றினேன், மறுபடி அணைந்தது, விட்டுவிட்டு வந்தேன்.

நீ போனில் பேசியது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அப்பா இரண்டாம் தடவை சமையலறைக்கு வந்தார். அதை நான் போன கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் உன்னைப் பற்றியும் எழுத வேண்டியிருந்திருக்கும். கையில் போனோடு வந்தார். சிரித்துக்கொண்டே, "அவளும் உன் கட்சிதான். ரெண்டு மூக்கும் ஒண்ணாச் சொன்னா என் மூக்குக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அப்பா, எனக்கு ஒன்பது மாதமாக வாசனையே தெரியாது, வாங்க, சுவரைத் தொட்டுப் பார்ப்போம். அவ்வளவுதான். சொல்வதற்கு வாயும் திறந்தேன். அவர் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நான் உருளைக்கிழங்கின் தோலை உரித்து அவர் தட்டில் வைத்தேன். ஒன்று கேட்டார், இன்னொன்றும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

அவர் போன பிறகு நான் உண்மையைச் சொன்னால், செத்த மூக்கை நம்பி அப்பாவை நீ படுக்கச் சொன்னாய் என்று உனக்குத் தெரிந்துவிடும். நீ என்னை வெறுத்துக்கொண்டிருக்கும்வரை உனக்கு அது தெரியவராது என்று நினைத்தேன். இதைப் பெரிய தியாகமாக எடுத்துக்கொள்ளாதே. முதல் சில மாதம் நான் வேலையைப் பற்றித்தான் நினைத்தேன். உன்னைப் பற்றி நினைத்தது அப்புறம்தான். எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீ தப்புச் செய்யவில்லை என்று எழுதமாட்டேன், நீ நம்பமாட்டாய். உன்னிடம் வந்த செய்தி பொய். அனுப்பியவன் நான். இதை மட்டும் எழுதுகிறேன்.

ஹல்வர்


பால்ஸ்டாட்
நவம்பர் 26

ஹல்வர்,

படித்தேன். நாலு தடவை படித்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார் என்று எழுதியிருக்கிறாய். நிம்மதியாக உட்கார்ந்தார், இரண்டாவது உருளைக்கிழங்கு கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவருக்கு உள்ளுக்குள் பயம் இருந்து, நாம் இரண்டு பேரும் சொன்னதற்காக அதை அடக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தால் என்னால் தாங்க முடியாது. சிரித்திருந்தால், எப்படியோ, காலம் தள்ளிவிடலாம்.

ஆனால் கருவாட்டு நாற்றத்தில் மல்லிகை எழுதிய கை அது. நான் கேட்க விரும்புவதைத்தான் இப்போதும் எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

பதில் எழுதாதே. வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். உன் சமையலறையில் உன் எதிரில் உட்கார்ந்து, அப்பா சிரித்தாரா என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். அப்போது நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா